நாற்பத்தோரு சொற்கள்

6 ஜனவரி 2025, திங்கள்

மூவரசர் திருநாள். கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்துச் சுருபங்களைப் பெட்டியில் வைத்தாயிற்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்ற வேண்டும் என்று வருடா வருடம் சொல்கிறேன். சகாயம் வருடா வருடம் இரண்டிரண்டாகச் சேர்த்துச் சுற்றுகிறாள். காலை வேலைக்கு வருகிறவள். இருபத்திரண்டு வருடமாக என்னிடம் திட்டு வாங்குகிறாள், மாறியதில்லை.

கருப்பு ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், இவரு நம்ம இமெல்டா பாப்பா சாடையாவே இருக்காரு" என்றாள்.

இந்த வீட்டில் நிறம் பற்றிய பேச்சு கிடையாது என்றேன். "நான் மூக்கத்தான் சொன்னேன்" என்றாள்.

புதிய நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் வீட்டு விவரம் எழுதுவது என் வழக்கம். வயது எண்பத்திரண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. என் கணவர் ஸ்தனிஸ்லாஸ் இறந்து பதினாறாவது வருடம். ஒரே மகள் இமெல்டா, தஞ்சாவூரில் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறாள், மணமாகவில்லை. ஸாம்பியாவில் பிறந்தவள். செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷ்யாவில் என் கணவர் பௌதிக ஆசிரியராக இருந்தபோது, 1981இல், கன்னியர் நடத்திய குழந்தைகள் இல்லத்திலிருந்து மூன்றரை வயதில் அவளைத் தத்தெடுத்தோம். அந்த வருடக் கடைசியிலேயே திருச்சிக்குத் திரும்பிவிட்டோம்.

மாலையில் தத்துக் குடும்பங்கள் சங்கத்துப் பாஸ்கரன் தொலைபேசினார். ஆண்டுக் கூட்டம் பிப்ரவரி பதினாறு.

"இந்த வருசம் பெத்தவங்க பேச வேணாம், பிள்ளைங்க பேசட்டும்னு கமிட்டில முடிவு பண்ணிருக்கோம் டீச்சர். இமெல்டா மேடம் ஒத்துக்கிட்டாங்க."

"நான்?"

"நீங்க முன்னாடி உக்காருங்க. சீஃப் கெஸ்ட் மாதிரி."

மாதிரி என்ற சொல்லைக் கவனித்தேன். முப்பது வருடம் அந்த மேடையில் பேசியவள் நான். 'நான் நிறத்தைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தேன்' என்று முடிப்பேன். கைதட்டல் குறைந்ததில்லை.

11 ஜனவரி, சனி

இமெல்டா வந்தாள். தலைமுடியை வளர்த்துக்கொண்டிருக்கிறாள். வாழ்நாளெல்லாம் ஒட்ட வெட்டியிருந்த முடி, ஜூன் மாதத்திலிருந்து கத்திரி படாமல் நாலாப்பக்கமும் எழுந்து நிற்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சகாயம் சொன்னாள்.

"பாப்பா, காக்கா கூடு கட்டிரும் பாத்துக்க."

"கட்டட்டும். முட்டைய நீ அவிச்சுக் குடு."

பேருந்தில் நடத்துநர் அவளிடம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாராம். "'மேடம், வேர் கோயிங்'னாரு. 'சத்திரம் பஸ்டாண்டு ஒண்ணு குடுங்கண்ணே, அந்தாண்ட ஜன்னல் சீட்டு காலியாவுதா பாருங்க'ன்னேன். டிக்கெட்டக் கிழிக்காம அப்படியே நின்னுட்டாரு. பின்னாடி ஒரு பாட்டி, 'ஏய்யா, உன்னவிட நல்லாப் பேசுதுல்ல, குடுத்துட்டுப் போவியா'ங்குது." சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் சிரிப்பு இந்தத் தெருவின் கடைசி வீடுவரை கேட்கும்.

சாப்பிட்ட பிறகு கேட்டாள்.

"கூட்டத்துக்கு எழுதிட்டிருக்கேன் மம்மி. ஒண்ணுல நின்னு போச்சு. நான் இங்க வந்தப்ப என்ன பேசினேன்?"

"நீ பேசல."

"மூணரை வயசுப் பிள்ளை. ஒரு வார்த்தை கூடவா?"

"சாந்தமான குழந்தையா இருந்த."

"நானா?"

சகாயம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இமெல்டா ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறாள். வேறு நிறத்துக் குடும்பங்களில் தத்தாக வளர்ந்த கருப்பினத்தவர்கள் பல நாடுகளிலிருந்து ஞாயிறு மாலைகளில் கணினியில் முகம் பார்த்துப் பேசுகிறார்களாம். "போன வருசம் முதல் தடவை உள்ள போனேன். திரை பூரா என்னை மாதிரி முகம். அரை மணி நேரம் நான் பேசவே இல்ல, பாத்துட்டே இருந்தேன். அங்க எல்லாரும் அவங்க முதல் பாஷையில ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆரம்பிக்கறாங்க. என் முறை வந்தா நான் 'பாஸ், அடுத்தவங்க சொல்லுங்க'ன்னு விட்டுடறேன். அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் மேடை ஏறணும்னு இருக்கு. இல்லன்னா நான் பேசறது பாதிதான்."

பதில் சொல்லிவிட்டேன் என்றேன். நாற்பது வருடமாகச் சொல்லும் அதே பதில்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். சகாயத்துக்கு விடுமுறை. ரசம் நானே வைத்தேன். புளி அதிகம்.

18 ஜனவரி, சனி

இமெல்டா தன் உரையைத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறாள். 'பிழை மட்டும் பாருங்கள்' என்று மேலே குறிப்பு. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒற்றுப் பிழை ஆறு. தகவல் பிழை ஒன்று: 'எட்டு முறை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள், எட்டு முறையும் காபியை முடிக்காமல் எழுந்தார்கள்' என்று எழுதியிருக்கிறாள். ஒன்பது முறை. ஓரத்தில் குறித்தேன்.

'எனக்கு ஏழு வயதுக்குள் வேளாங்கண்ணியில் மூன்று மொட்டை. நேர்ச்சை என்று அம்மா சொன்னார்.' நேர்ச்சைதான். டைபாய்டு வந்தது. ஒரு முறை.

'எங்கள் வீட்டில் நிறம் பார்க்கவில்லை. அதனால் என்னையும் முழுதாகப் பார்க்கவில்லை.' தர்க்கம் பொருந்தவில்லை என்று எழுதினேன். பிறகு இரண்டாவது முறை வாசித்தேன்.

ஒரு பத்தி மட்டும் இங்கே எடுத்தெழுதுகிறேன், நடை நன்றாக இருப்பதால்: 'கருப்பு என்பது நான் பொறுத்துக்கொண்ட ஒன்று அல்ல. எனக்கு முன்னால் நீண்ட வரிசை ஒன்று நிற்கிறது. பாடியவர்கள், சோளம் விதைத்தவர்கள், பூமிக்கடியில் செம்பு வெட்டியவர்கள், பிள்ளை சுமந்தவர்கள். அந்த வரிசையின் இந்த முனையில், தஞ்சாவூர்ப் பேருந்தில், ஜன்னல் ஓரம் கேட்டு நான் நிற்கிறேன்.'

அதன் கீழே ஒரு வாக்கியம் முடியாமல் இருக்கிறது. 'நான் முதலில் பேசிய சொல்' என்று எழுதி, ஒரு விரல் நீளத்துக்கு இடம் விட்டிருக்கிறாள்.

தொலைபேசியில் அழைத்துத் திருத்தங்களைச் சொன்னேன். "நம்ம ஊர்ல யாருதான் கருப்பில்ல இமெல்டா? உங்க அப்பா என்ன வெள்ளையா?"

"அப்பா கருப்பு சரி. ஆனா அப்பாவ எந்த நாடுன்னு யாரும் கேட்டதில்லையே மம்மி. ஒன்பதுன்னு திருத்திட்டேன். தேங்க்ஸ்."

சிரித்தபடிதான் சொன்னாள். அந்த இடத்தை நிரப்பும்படி இந்த முறை கேட்கவில்லை.

23 ஜனவரி, வியாழன்

கரூரிலிருந்து வசுமதி என்ற பெண் அழைத்தாள். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவள். பெங்களூர் இல்லம் ஒன்றிலிருந்து ஐந்து வயதுப் பெண்ணை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. குழந்தையின் தகப்பன் ஆப்பிரிக்க மாணவனாம். "உங்க நோட்டீச வெச்சுத்தானுங்க டீச்சர் எல்லாம் செய்யறோம். நேர்ல ஒருக்கா பாத்து ஒரு யோசனை கேக்கோணுங்க" என்றாள். சனிக்கிழமை வரச் சொன்னேன்.

'தத்துப் பெற்றோருக்குப் பத்துக் குறிப்புகள்', 1994இல் நான் எழுதியது. இன்னும் நகல் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கே இன்றுதான் தெரியும். மகிழ்ச்சி.

25 ஜனவரி, சனி

காலை பத்தரைக்கு வசுமதி குழந்தையுடன் வந்தாள். குழந்தை பெயர் தேன்மொழி. சுத்தமான உடை, துடைத்த செருப்பு. தலை மழுங்க மொட்டை.

"ரெண்டு மொட்டை ஆச்சுங்க. பழநில ஒண்ணு, குலசாமி கோயில்ல ஒண்ணு. மூணாவது மாசி மாசம். மூணு போட்டா முடி நேரா வளரும்னு உங்க நோட்டீசுல அஞ்சாவதா இருக்குதுங்களே."

அப்படித்தான் இருந்தது. அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். என் நடை, என் பெயர், என் பட்டங்கள்.

இமெல்டா கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். குழந்தை வாசற்படியைத் தாண்டியதிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. கிட்டே போனது. ஒரு விரலால் இமெல்டாவின் முன்கையைத் தொட்டது, பிறகு தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இமெல்டா தலையைக் குனிந்து முடியைக் காட்டினாள். குழந்தை இரண்டு கையையும் அதற்குள் விட்டது.

"எப்பப் பேசும்ங்க டீச்சர்?" வசுமதி என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "வந்தப்ப லொடலொடன்னு கன்னடத்துல பேசிட்டிருந்துச்சு. மூணாங்குறிப்புல சொன்னீங்கல்ல, பழைய பாசைய வீட்டுக்குள்ள விடப்படாதுன்னு. அதே மாதிரி நாங்க கண்டிப்பா இருந்தமுங்க. இப்ப ரெண்டு மாசமா ஒரு பாசையும் வர்றதில்லை. உங்க மக எப்பப் பேசுச்சு?"

இமெல்டா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அப்போது குழந்தை இமெல்டாவிடம் மிக மெதுவாக, "நீரு" என்றது.

"தண்ணின்னு சொல்லு" என்றாள் வசுமதி. கோபமே இல்லாத, அன்பான குரல். "தண்ணின்னு சொன்னாத்தான் அம்மா தருவேன்."

நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். தம்ளரைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். வெளியே வந்தபோது சகாயம் முன்பே செம்போடு கொடுத்திருந்தாள். வசுமதிக்கு என்ன யோசனை சொல்லி அனுப்பினேன் என்று நினைவில்லை.

இமெல்டா போகும்போது கேள்வி எதுவும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "ரெண்டு மாசமா அந்தப் பிள்ளை வாயத் தொறக்கல மம்மி" என்றாள்.

26 ஜனவரி, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தேன். பழைய நாட்குறிப்புகள் இருக்கும் இரும்புப் பெட்டியின் சாவி வேலை செய்கிறதா என்று பார்த்தேன். செய்கிறது. திறக்கவில்லை.

29 ஜனவரி, புதன்

நேர்ச்சை இல்லை. முடி நேராக வளரும் என்றுதான் மூன்று முறையும் கூட்டிப் போனேன். மாதாவிடம் அதையேதான் கேட்டேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

மெழுகுவர்த்தித் திருநாள். மந்திரித்த மெழுகுவர்த்தி இரண்டு வாங்கி வந்தேன். அதன் பிறகு பெட்டியைத் திறந்தேன்.

1982ஆம் வருட நாட்குறிப்பு. கடைசிப் பக்கங்களில் என் கையால் கோடு கிழித்த மூன்று பத்தி அட்டவணை. முதல் பத்தியில் குழந்தை சொன்ன சொல். இரண்டாவதில் அதற்குப் பதிலாக நான் கற்றுக்கொடுத்த தமிழ்ச் சொல். மூன்றாவதில் அவள் பழைய சொல்லை விட்ட தேதி. விட்ட சொல்லின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

மொத்தம் நாற்பத்தொன்று. லுவான்ஷ்யாவில் ஏழு வருடம் இருந்தும் அந்த ஊர் மொழியான பெம்பா எனக்குத் தெரியாது. நாங்கள் இந்திய ஆசிரியர்களோடும் கன்னியரோடும்தான் பழகினோம். ஆகவே அவள் வாயிலிருந்து கேட்டதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, அவள் எதைச் சுட்டுகிறாள் என்று பார்த்துப் பொருள் எழுதியிருக்கிறேன். ஒழுங்கான வேலை. அதுதான் இப்போது பார்க்க முடியாமல் இருக்கிறது.

முதல் வரி: அமென்ஷி. தண்ணீர். 9 ஜனவரி.

அந்தக் காலை எனக்கு மறக்கவில்லை, மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டேன். தம்ளர் என் கையில் இருந்தது. அவள் மூன்று முறை அமென்ஷி என்று கேட்டாள். தண்ணீர் என்று சொன்னால் தருகிறேன் என்றேன். உதடு காய்ந்திருந்தது. ஸ்தனிஸ்லாஸ், "குடுத்துடேன்" என்றார். நீங்கள் தலையிட வேண்டாம் என்றேன். நான்காவது முறை "தண்ணி" என்றாள். கொடுத்தேன். குடித்து முடித்ததும் முத்தமும் கொடுத்தேன். நல்ல தாய் என்று என்னை நினைத்துக்கொண்டேன்.

நான் படித்த கான்வென்டில் தமிழ் பேசினால் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கோத்து மாட்டுவார்கள். அடுத்தவள் தமிழ் பேசி மாட்டும்வரை அதைச் சுமக்க வேண்டும். எனக்கு ஆறு வயது. முதல் வாரத்தில் இரண்டு நாள் சுமந்தேன், பிறகு ஒருபோதும் இல்லை. அதைப் பெருமையாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கயிற்றின் சொரசொரப்பு என்னிடம் எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை.

நாற்பது சொற்களின் மேல் கோடு இருக்கிறது. ஒன்றின் மேல் இல்லை. பனா முத்தாலே. பொருள் பத்தியில் ஒரு கேள்விக்குறி. காலையில் எழுந்ததும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து அதைத்தான் கூப்பிடுவாள். என்ன பொருள் என்று தெரியாததால் பதில் சொல் கொடுக்க முடியவில்லை. மே மாதத்தில் தானாகவே நின்றுவிட்டது.

5 பிப்ரவரி, புதன்

பாஸ்கரனை அழைத்துக் குறிப்புத்தாளை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றேன். "ஏன் டீச்சர், நல்லாத்தான இருக்கு?" என்றார். காரணத்தைக் கூட்டம் முடிந்ததும் சொல்வதாகச் சொன்னேன்.

சொல்லாமல் இறந்துபோவது எளிது. அதையும் யோசித்தேன். பெட்டியை அப்படியே எரித்துவிடச் சொல்லிச் சகாயத்திடம் ஒரு வார்த்தை போதும். மகளுக்கு நான் குறையில்லாத தாயாகவே இருந்துவிடுவேன். அவள் உரையில் அந்த விரல் நீள இடம் காலியாகவே இருக்கும்.

8 பிப்ரவரி, சனி

கொடுத்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு முன்பே கொடுத்தேன், பிறகு கொடுக்கலாம் என்றால் கொடுக்க மாட்டேன் என்பதால். "நீ பேசாத குழந்தை இல்ல. நான் சொன்னது பொய்" என்றேன். இவ்வளவுதான் தயார் செய்திருந்தேன்.

இமெல்டா நின்றபடியே வாசித்தாள். முதல் பக்கத்தில் அவள் உதடு அசைந்தது. இரண்டாம் பக்கத்தில் அசையவில்லை. சிவப்புக் கோடுகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"இந்தத் தேதியெல்லாம் என்ன மம்மி?"

"நீ அந்தச் சொல்ல விட்ட நாள்."

"நான் விட்ட நாளா?"

அந்தத் திருத்தம் எனக்குத் தேவைதான்.

"எத்தனை தடவை கேட்டிருப்பேன்? எட்டாங்கிளாஸ்ல கேட்டேன். அப்பா இருந்தப்ப கேட்டேன். அப்பாவும் உங்க முகத்தப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டாரு." குரல் உயரவில்லை. "எனக்கு ஊமைப் பிள்ளைன்னு நினைப்பு மம்மி. வாய் இல்லாம வந்தவளுக்கு நீங்க வாய் குடுத்தீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்."

நாட்குறிப்பைத் துப்பட்டாவில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சகாயம் எடுத்து வைத்த இலை அப்படியே இருந்தது. மீன் குழம்பு, அவளுக்காக வைத்தது.

"என்னத்தச் சொன்னீங்க டீச்சர்?"

"உண்மைய."

"அதைச் சாப்பிட்டப்புறம் சொல்லப்படாதா?"

9 பிப்ரவரி, ஞாயிறு

அழைப்பு இல்லை. நானும் அழைக்கவில்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

லூர்து மாதா திருநாள். அழைப்பு இல்லை. கண் மருத்துவரிடம் போக வேண்டிய நாள், போகவில்லை. தன் பெயரைக் கூட்டத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டாளோ என்று பாஸ்கரனிடம் கேட்க எண்ணி, எண்களை அழுத்தி, வைத்துவிட்டேன்.

13 பிப்ரவரி, வியாழன்

நான் சொல்லாமலேயே சகாயம் சுருபப் பெட்டியை இறக்கி எல்லாவற்றையும் பிரித்துத் தனித்தனியாகச் சுற்றி வைத்தாள். என் நிலைமை அவ்வளவு மோசமாகத் தெரிகிறது போல.

14 பிப்ரவரி, வெள்ளி

காலை ஏழு மணிக்கு இமெல்டாவிடமிருந்து அழைப்பு.

"ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல?"

"நீ சொன்னா வரேன்."

"வாங்க. முன்னாடி வேணாம், மூணாவது வரிசை. நீங்க மேடையில பேச வேணாம்." பிறகு, "மருந்தெல்லாம் போட்டீங்களா?" என்றாள். போட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

மருந்து பற்றிக் கேட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

மேலப்புதூர் அருகே ஒரு சிறிய மண்டபம். அறுபது குடும்பங்கள் இருக்கும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் வசுமதி, மடியில் தேன்மொழி. குழந்தையின் தலையில் கால் அங்குலம் முடி சுருண்டு வந்திருந்தது.

இமெல்டா மஞ்சள் கைத்தறிச் சேலை கட்டியிருந்தாள். அந்த முடியைச் சுற்றிக் கிரீடம் போல மல்லிகைச் சரத்தை வைத்திருந்தாள். சடையில் தொங்குகிற பூவைத்தான் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். இது வேறு. அவள் மேடையேறியதும் கூட்டத்தின் பேச்சு நின்றது.

"என் பேரு இமெல்டா ஸ்தனிஸ்லாஸ். எந்த ஊருன்னு கேக்காதீங்க. கேட்டா ரெண்டு ஊரு சொல்வேன், ரெண்டையும் கேட்டுட்டுத்தான் போகணும்."

சிரித்தார்கள். பேருந்துக் கதையைச் சொன்னாள், இன்னும் சிரித்தார்கள். ஒன்பது காபியைச் சொன்னாள், சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு அந்த வரிசையைப் பற்றிய பத்தி. எழுத்தில் வாசித்தபோது நடை நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். அவள் குரலில் கேட்டபோது அந்த வரிசை மண்டபத்துச் சுவர் ஓரமாக வந்து நின்றது.

"எனக்கு மூணு மொட்டை போட்டாங்க. முடி நேரா வளரல. பிடிவாதமான முடி. நாற்பத்தாறு வருசம் கழிச்சு அதுகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன். இப்ப நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். இங்க என்னை மாதிரி பிள்ளைங்க இருந்தா, கண்ணுங்களா, உங்க முடிக்கு ஒரு தப்பும் இல்ல. சீப்புதான் தப்பு. சரியான சீப்பு எங்க கிடைக்கும்னு அப்புறம் சொல்றேன்."

தேன்மொழி தன் தலையைத் தடவிக்கொண்டது.

அதன் பிறகு இமெல்டா என் பழைய நாட்குறிப்பை எடுத்தாள்.

"எங்க அம்மா என்கிட்ட இருந்து நாற்பது வார்த்தைய வெட்டினாங்க. வெட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் எழுதி வச்சாங்க. ரெண்டும் ஒரே கை. ஒரு வாரமா அந்தக் கையப் பத்தித்தான் யோசிச்சிட்டிருந்தேன். அழுதேன், திட்டினேன். ஆனா எங்க குழுவுல எத்தனையோ பேருக்கு ஒத்தை வார்த்தை கூட மிச்சமில்ல. எனக்கு இருக்கு. இன்னைக்கு அத உங்க முன்னாடி வாசிக்கப் போறேன்."

பக்கத்தைப் பிரித்தாள்.

"அமென்ஷி."

தஞ்சாவூர் ஆசிரியையின் குரலில், வருகைப் பதிவேடு வாசிப்பது போலச் சொன்னாள்.

"அப்படி இல்லை" என்றேன்.

நினைத்துச் சொல்லவில்லை. மண்டபம் திரும்பிப் பார்த்த பிறகுதான் நான் எழுந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. முப்பத்தாறு வருடம் வகுப்பில் சொன்ன அதே சொல், அதே குரல். பாஸ்கரன் பதறி என் பக்கம் வந்தார். இமெல்டா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"எப்படி மம்மி?"

"நீ அப்படிச் சொல்ல மாட்ட. நடுவுல இழுப்ப. கடைசில ஏத்துவ. கைய இப்படி நீட்டிக்கிட்டு."

"சொல்லிக் காட்டுங்க."

சொன்னேன். உள்ளங்கையை நீட்டி, மூன்றரை வயதுப் பிள்ளை தாகத்தில் கேட்டது போல. நாற்பத்து மூன்று வருடமாக என் காதுக்குள் இருந்த குரல் என் வாயிலிருந்து வந்தது. வெட்டிய என்னைத் தவிர, இந்த ஊரில் அதைக் கேட்டவர் இப்போது யாரும் உயிரோடு இல்லை.

இமெல்டா அதைத் திருப்பிச் சொன்னாள். அவள் கையும் நீண்டது. அது அவளுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"இங்க வாங்க மம்மி."

மேடைக்குப் போனேன். அடுத்த சொல் இன்சாலா, பசி. வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு சொல்வாள். அதற்கடுத்தது உப்வாலி, அவள் கேட்ட சோளமாவுக் களி. மூன்றாவது எழுத்தில் கண்ணை மூடுவாள். இங்கே அதைச் செய்து கொடுக்க நான் முயன்றதே இல்லை என்றும் சொன்னேன். இம்ஃபுலா, மழை. அதை மட்டும் ரகசியம் போலச் சொல்வாள், மேலே பார்த்துக்கொண்டு.

"இம்ஃபுலா" என்று இமெல்டா மேலே பார்த்து மெதுவாகச் சொன்னாள். "மழை."

முன் வரிசைகளுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "மளெ."

வசுமதி குனிந்து குழந்தையைப் பார்த்தாள். அவள் வாய் திறந்ததை நான் பார்த்தேன், என்ன சொல்வாள் என்றும் எனக்குத் தெரியும், அதை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"ஆமா கண்ணு" என்றாள் வசுமதி. "மளெ. இன்னொருக்கா சொல்லு."

ஒலிவாங்கியை வாங்கி, மூன்றாவது குறிப்பும் ஐந்தாவது குறிப்பும் தவறு, எழுதியவள் நான், வீட்டில் வைத்திருப்பவர்கள் கிழித்துப் போடுங்கள் என்றேன். மற்ற எட்டையும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றேன். நிறத்தைப் பார்க்கவில்லை என்று முப்பது வருடம் இங்கே சொன்னேன், பார்த்தேன், மாற்றப் பார்த்தேன் என்றேன். யாரும் கைதட்டவில்லை. தட்டாதது சரி.

மதியம் சாப்பிடும்போது இமெல்டா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் கோபம் இருக்கிறது என்றாள். இருக்கட்டும் என்றேன். "கோபத்தோடயே சனிக்கிழமை வருவேன்" என்றாள். பிறகு, கோடு போடாத அந்த ஒரு சொல்லைத் தன் குழுவில் கேட்டதாகச் சொன்னாள். அதில் ஸாம்பியாவில் பிறந்த பெண்ணொருத்தி இருக்கிறாளாம்.

"அது ஒரு சாமான் பேரு இல்ல மம்மி. ஆள். அங்க பிள்ளை பெத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்களாம், பிள்ளை பேர வச்சுத்தான். பனா முத்தாலேன்னா முத்தாலேயோட அம்மா."

"யாரு முத்தாலே?"

"தெரியல. நானா இருக்கலாம். எனக்கு ஒரு அக்காவா இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரியா இருக்கலாம்." வடையைப் பிய்த்துப் பாதியை என் இலையில் வைத்தாள். "ஆனா நான் யாரையோ கூப்பிட்டுட்டு இருந்திருக்கேன். வர்ற ஒரு ஆளு இருந்திருக்கு."

20 பிப்ரவரி, வியாழன்

லுவான்ஷ்யா கன்னியர் இல்லத்துக்குக் கடிதம் எழுதினேன். இல்லம் இப்போது இருக்கிறதா என்று தெரியாது. மறைமாவட்ட முகவரிக்கும் ஒரு பிரதி. 1981இல் இன்ன தேதியில் இன்ன குழந்தையை எங்களிடம் ஒப்படைத்தீர்கள், அந்தக் குழந்தையை அறிந்த முத்தாலே என்ற பெயருள்ளவரோ, முத்தாலேயின் தாய் என்று அழைக்கப்பட்டவரோ, அவர்கள் உறவினரோ இருந்தால், அந்தக் குழந்தை நலமாக இருக்கிறாள், பேராசிரியையாக இருக்கிறாள், உங்களைத் தேடுகிறாள் என்று சொல்லுங்கள் என்று எழுதினேன். முதல் பிரதியில் இரண்டு இடத்தில் சொல் சரியாக அமையவில்லை. மறுபடி எழுதினேன்.

கையெழுத்திடும் இடத்தில் பேனா நின்றது. ஆறு வயதிலிருந்து என் பெயரைப் பிழையில்லாமல் எழுதி வருகிறேன். அதன் பின்னால் பட்டங்கள், அதன் பின்னால் தலைமையாசிரியை, ஓய்வு. இந்தத் தெருவில் மற்றப் பெண்களையெல்லாம் பிள்ளை பெயரோடு சேர்த்து அம்மா என்று அழைப்பார்கள், என்னை மட்டும் டீச்சர் என்பார்கள். நானே அப்படிப் பழக்கியது.

இந்தக் கடிதத்தை வாசிக்கப்போகிறவர்களுக்கு என் பட்டங்களால் பயனில்லை. நான் யாருடைய ஆள் என்று தெரிந்தால் போதும். இமெல்டாவிடம் கேட்கலாமா என்று நினைத்தேன், அழைத்தும் கேட்டேன். அவள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தாள். நடக்கிற செருப்புச் சத்தம் நின்றது. "போடுங்க மம்மி" என்றாள்.

கருப்பு மையில், என் பெயர் இல்லாமல் எழுதினேன்: பனா இமெல்டா.